தென்னைக்கு எத்தனை வயது?

களியக்காவிளையில் பஸ் ஏறி வடக்கே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் இஞ்சிவிளை வந்துவிடும். அப்புறம் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. தமிழ்நாடு எங்கே முடிந்தது, கேரளம் எங்கே தொடங்கியது என்பதைக் கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். மண் அதே சிவப்பு. மரங்களும் அதே மரங்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதுவரை இரண்டும் ஒரே மாநிலத்தின் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்கள். இன்றைக்கும் அங்கே தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விவசாயமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

அந்த ஊர்களில் வயதான விவசாயி ஒருவரிடம் போய், “பாட்டா, இந்த விளையில என்ன நடலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாகப் பதில் வராது. அவர் திருப்பிக் கேட்பார்: “தென்னைக்கு எத்தன வயசு, மக்களே?”

நாம் கேட்டது கீழே என்ன நடுவது என்று. அவர் ஏன் மேலே நிற்கும் மரத்தின் வயதைக் கேட்கிறார்? இந்த ஒரு கேள்விக்குள் நிறைய அறிவியல் இருக்கிறது. அதைத்தான் இந்த முறை பார்க்கப்போகிறோம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. தஞ்சாவூர்ப் பக்கம்போல இங்கே தரை சமமாகக் கிடக்காது. மேலே குன்று, நடுவில் சரிவு, கீழே பள்ளம். குன்றில் இப்போது பெரும்பாலும் ரப்பர். சரிவில் வீடும் வீட்டைச் சுற்றி விளையும், அதாவது பல பயிர்கள் கலந்து வளரும் தோட்டமும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் ஏலா, அதாவது நெல்வயல். ஒரு குன்றிலிருந்து இறங்கி நடந்தால் அரை மணி நேரத்துக்குள் மூன்று வகை விவசாயத்தைப் பார்த்துவிடலாம்.

மழையும் இங்கே இரண்டு முறை வரும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதம் தொடங்கும். துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மழை அதிகம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சரிவில் விழும் மழை மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கரையாமல் தங்குவது இரும்பு. அந்த இரும்புதான் ஆக்சிஜனோடு சேர்ந்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. ஆகவே, இந்தச் செம்மண் பார்க்க அழகாக இருந்தாலும் புளிப்புத் தன்மை உள்ள, சத்துக் குறைந்த மண். இதில் பயிர் செய்ய வேண்டுமென்றால் முதல் வேலை மண்ணை ஓடவிடாமல் பிடிப்பது. அதற்காகச் சரிவின் குறுக்கே மண்ணாலோ கல்லாலோ கையாலை கட்டினார்கள். கையாலை இருந்தால் தண்ணீர் வேகம் குறைந்து நிற்கும். நின்றால் மண்ணுக்குள் இறங்கும். இறங்கினால் கிணற்றுக்கு வரும். விளையில் நடக்கும் எந்த விவசாயத்துக்கும் இதுதான் அடிப்படை. கையாலையைப் பராமரிக்காமல் விட்ட விளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். ஒரு தலைமுறை கட்டியதை நாலைந்து மழைக்காலம் கரைத்துவிடும்.

இனி தென்னைக்கு வருவோம்.

தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். அப்படியானால் ஒரு மரத்துக்குக் கிடைக்கும் இடம் 7.5 பெருக்கல் 7.5, அதாவது 56.25 சதுர மீட்டர். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து கயிறு கயிறாக ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்பும். இவற்றில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்ளேயே இருக்கும். இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பை நீங்களே கணக்குப் போடுங்கள்: 3.14 பெருக்கல் 2 பெருக்கல் 2. விடை 12.56 சதுர மீட்டர். 56.25-இல் அது கால் பங்குக்கும் குறைவு! அதாவது, தோப்பில் முக்கால் பங்கு மண்ணைத் தென்னை பெரிதாகப் பயன்படுத்துவதே இல்லை. காசர்கோட்டில் 1916-இலிருந்து தென்னை ஆராய்ச்சி நடந்து வருகிறது. அங்கே வேர்களைத் தோண்டி அளந்து பார்த்த விஞ்ஞானிகள் இந்தக் கணக்கைச் சொன்னார்கள். விளைக்காரர்கள் கணக்குப் போடாமலே அந்த முக்கால் பங்கில் வாழையும் கிழங்கும் நட்டு வந்திருந்தார்கள்.

மண் கிடைத்துவிட்டது. வெயில்?

இங்கேதான் வயது வருகிறது. இளம் தென்னையின் ஓலைகள் கொஞ்சம். அவை மேல்நோக்கி நிற்கும். முதல் ஏழெட்டு வருடம் தரைக்கு வெயில் தாராளமாக வரும். எட்டு வயதிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரைக்கும் ஓலைகள் விரிந்து, பக்கத்து மரத்தின் ஓலையைத் தொட்டுக்கொண்டு, தரைக்கு அருகிலேயே கூரை போட்டுவிடும். அந்தக் காலத்தில் கீழே வருவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான். அதற்குப் பிறகு தண்டு உயர்ந்து, ஓலைக்கூட்டம் மேலே போய்விடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் தண்டுகளுக்கிடையே நுழையும். நாற்பது வயதுத் தோப்பில் பாதி வெளிச்சம்வரை தரைக்குக் கிடைக்கும்.

ஆகவே, பாட்டா கேட்டது சரியான கேள்வி. இளம் தோப்பு என்றால் மரச்சீனி (மரவள்ளி), ஏத்தன் வாழை என்று வெயில் கேட்கும் பயிர்களை நடலாம். பதினைந்து வயதுத் தோப்பு என்றால் நிழல் தாங்கும் சேம்பு, சேனை, இஞ்சி, மஞ்சள். நாற்பது வயது என்றால் மறுபடி வாழை நடலாம், மரத்தில் நல்லமிளகுக் கொடியும் ஏற்றலாம்.

நிழலில் ஒரு செடி எப்படிப் பிழைக்கிறது? சேம்பின் இலையைப் பாருங்கள். அகலமாக, மெல்லியதாக இருக்கும். குறைந்த வெளிச்சத்தை அதிகப் பரப்பில் பிடிப்பதற்காக அந்த அமைப்பு. நிழல் தாங்கும் செடிகளின் இலை ஓர் அளவு வெளிச்சம் கிடைத்ததும் முழு வேகத்தில் மாவுச்சத்து செய்யத் தொடங்கிவிடும். அதற்கு மேல் வெயில் கொடுத்தாலும் வேகம் கூடாது. மரச்சீனி வேறு மாதிரி. அதை நிழலில் நட்டால் வெயிலைத் தேடித் தண்டு நெட்டையாக ஓடும். சத்தெல்லாம் தண்டுக்குப் போய்விட, பிடுங்கிப் பார்த்தால் அடியில் விரல் பருமனில்தான் கிழங்கு இருக்கும்.

உங்கள் வீட்டுப் பக்கம் தென்னையோ மாமரமோ இருந்தால் வெளிச்சத்தை நீங்களே அளக்கலாம். ஒரு வெள்ளைச் சார்ட் தாளில் பக்கத்துக்குப் பத்து வீதம் நூறு கட்டங்கள் போடுங்கள். வெயில் நாளில் மரத்தடியில் விரியுங்கள். பாதிக்கு மேல் வெயில் விழும் கட்டங்களை எண்ணுங்கள். முப்பது கட்டம் என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு வெயில். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் செய்தால் எங்கே எதை நடலாம் என்று நீங்களே வீட்டில் சொல்லலாம்.

நல்லமிளகைப் பற்றி ஒரு செய்தி. மிளகுக் கொடியின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் சின்னச் சின்ன வேர்கள் கிளம்பி மரத்தண்டைப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்குத்தான் அந்த வேர்கள். மரத்திலிருந்து அவை சத்தை உறிஞ்சுவதில்லை. சாப்பாடும் தண்ணீரும் மண்ணிலிருந்துதான். மழை தொடங்கியதும் பூச்சரங்கள் தொங்க ஆரம்பிக்கும். ஒரு சரத்தில் மேலிருந்து கீழாகப் பூக்கள் வரிசையாக விரியும். மழைத்துளி சரத்தின் வழியே வழியும்போது மகரந்தம் கீழே உள்ள பூக்களுக்குப் போய்ச் சேருகிறது. பெரும்பாலான செடிகள் மழையிலிருந்து மகரந்தத்தைக் காப்பாற்றப் பாடுபடும். மிளகு மழையையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கொடி நடுவதற்கு ஜூன் கடைசியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலைதான் சரியான நேரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சூரியன் ஒரு நட்சத்திரத்தில் இருக்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்கள் ஒரு ஞாற்றுவேலை. வருடத்துக்கு 27. திருவாதிரைப் பருவத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும். வெட்டி நட்ட கொடித்துண்டு காய்ந்தும் போகாது, அழுகியும் போகாது.

இனி மரச்சீனி. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை, இந்த ஊர்களெல்லாம் அடங்கிய திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்புவதில் மிகுந்த அக்கறை காட்டினார். செடிகள்மேல் உண்மையான ஆர்வம் கொண்டவர் அவர். அவருடைய முயற்சியின் அருமை அறுபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் ஏழை வீடுகளின் அடுப்பில் வெந்தது மரச்சீனிதான். இன்றைக்கும் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் மரச்சீனியும் மீன்குழம்பும் என்றால் அது பசியாற்றிய உணவு என்ற மரியாதை உண்டு. 1963-இல் திருவனந்தபுரம் அருகே ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ஒரு ரகத்துக்கு ஸ்ரீ விசாகம் என்று பெயர் வைத்தார்கள்.

மரச்சீனியில் ஓர் ஆபத்தும் உண்டு. அதன் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. தனியாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. அதை உடைக்கும் நொதி செல்லின் வேறொரு பகுதியில் இருக்கிறது. பட்டாசு மருந்தை ஓர் அறையிலும் தீக்குச்சியை இன்னோர் அறையிலும் பூட்டி வைத்ததுபோல. பூச்சியோ ஆடோ கடித்ததும் சுவர் உடைந்து இரண்டும் சேரும். ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு பிறக்கும். கடிப்பவரை விரட்டச் செடி செய்த ஏற்பாடு இது. அதனால்தான் கிழங்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். நஞ்சில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். பச்சைக் கிழங்கை விளையாட்டுக்குக்கூடக் கடிக்காதீர்கள். இலையை ஆடு மாடு தின்னவும் விடாதீர்கள்.

இன்னொரு பிரச்சினை. மரச்சீனியை விதை போட்டு வளர்ப்பதில்லை. கம்பை வெட்டி நடுகிறோம். ஒரே செடியின் கம்பிலிருந்து நூறு செடி வந்தால் நூறும் ஒரே மரபணு கொண்டவை. ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கும். இலை சுருங்கி மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது தேமல் நோய். வைரஸால் வருவது. வெள்ளை ஈ பரப்பும். நோயுள்ள கம்பை நட்டாலும் வரும். நல்ல செடியைப் பார்த்து அடையாளம் வைத்து அதிலிருந்து மட்டும் கம்பு எடுப்பதுதான் விவசாயி செய்யக்கூடிய முதல் வைத்தியம். இப்படி ஒரே மாதிரிப் பயிரை நம்பியதால் வந்த பெரிய துயரம் அயர்லாந்தில் நடந்தது. அங்கே ஏழைகள் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்தார்கள். 1845-இல் வந்த கருகல் நோய் வயல்களை அழித்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள்.

சரிவிலிருந்து மேலே குன்றுக்குப் போவோம். இங்கே பெரும்பாலும் ரப்பர் மட்டும். இதற்குத் தனிப்பயிர் விவசாயம் என்று பெயர். நட்டு ஏழு வருடம் கழித்துத்தான் பால் வெட்ட முடியும். அதுவரை வருமானத்துக்காக முதல் மூன்று நான்கு வருடம் இடையில் அன்னாசியோ வாழையோ போடுகிறார்கள். தரையை மூடப் படரும் பயறு வகைக் கொடிகளும் உண்டு. மரங்கள் வளர்ந்து கூரை மூடிய பிறகு கீழே வேறெந்தப் பயிரும் எடுபடுவது கடினம்.

ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பிடித்த அதிசயம் ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரியில் மரங்கள் இலை உதிர்க்கும். பிறகு தளிர் வரும். ரப்பர் இலை மூன்று சிற்றிலைகள் கொண்டது. அந்த மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தளிர்ப் பருவத்தில் அவற்றிலிருந்து தேன்நீர் கசியும். பூவே தேவையில்லை, இலையே தேனீயைக் கூப்பிடுகிறது! பக்கத்தில் மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்ற ஊர். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம முன்னேற்ற மையத்தில், பெட்டியில் தேனீ வளர்க்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று அந்தப் பகுதியின் தேனில் பெரும்பகுதி ரப்பர் இலைகளிலிருந்து வருவதுதான். தளிர்க் காலத்தில் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். ஆனால் தளிர் முற்றியதும் தேன்நீர் நின்றுவிடும். மற்ற மாதங்களில் தேனீக்கு உணவு வேண்டாமா? அதற்குத் தென்னம்பூவும் புளியம்பூவும் வாழைப்பூவும் இருக்கும் விளைகள் வேண்டும். தனிப்பயிரின் தேனைக்கூடக் கலப்புப்பயிர்தான் தாங்கிப் பிடிக்கிறது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். விளையில் பத்துப் பதினைந்து பயிர் இருந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் கிடைக்கும். சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது சிரமம். இயந்திரம் உள்ளே நுழையாது, எல்லாம் கைவேலை. அந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. ரப்பர் ஒரே பொருள்; விற்பது சுலபம். அதனால்தான் பலர் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் விலை விழுந்தால் வீட்டின் மொத்த வருமானமும் விழும். விளையில் தேங்காய் விலை விழுந்தாலும் வாழைக்குலை இருக்கும், சேனை இருக்கும், சக்கை (பலா) காய்க்கும். என் மனம் விளையின் பக்கம்தான். இலங்கையில் கண்டியைச் சுற்றியும், இந்தோனேசியாவின் ஜாவாவிலும், ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைச்சரிவிலும் இதே மாதிரி அடுக்கடுக்கான வீட்டுத் தோட்டங்கள் இருக்கின்றன. மழை மிகுந்த சரிவு நிலத்தில் இருக்கும் மக்கள் தங்கள் தங்கள் இடத்தில் இந்த முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பள்ளத்துக்கு இறங்கலாம். ஏலாவில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: சித்திரை, வைகாசியில் தொடங்குவது கன்னிப்பூ, புரட்டாசி, ஐப்பசியில் தொடங்குவது கும்பப்பூ. அறுவடையாகும் மாதத்தை வைத்து வந்த பெயர்கள். தண்ணீரில் நின்றும் நெல்லின் வேர் அழுகாததற்குக் காரணம், தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள். இலையிலிருந்து வேருக்கு ஆக்சிஜன் அவற்றின் வழியே இறங்குகிறது.

இப்போது பல ஏலாக்களில் நெல் இல்லை. மண்ணை உயர்த்தி, நடுவில் வாய்க்கால் விட்டு ஏத்தன் வாழை வைக்கிறார்கள். ஓணத்துக்குக் குலை வெட்ட வேண்டுமென்றால் முந்தைய வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே நட்டுவிட வேண்டும். இந்த மாற்றத்துக்குக் கூலியும் விலையும் காரணம். எங்கள் பக்கத்தில் தண்ணீரும் காரணம். 1958-இல் கட்டிய நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோடு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004-இல் அந்த வரத்து நின்றது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஏலா நெல் தருவதோடு நிற்பதில்லை. குன்றிலிருந்து ஓடிவரும் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதும் அதுதான். கேரளம் 2008-இல் நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்க ஒரு சட்டமே கொண்டுவந்தது.

விளையில் பயிர்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏலாவில் காலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கும்பப்பூ அறுத்த பிறகு, ஈரம் மீதி இருக்கும் வயலில் கோடையில் பயறு விதைப்பது பழைய வழக்கம். நெல் மண்ணிலிருந்து நைட்ரஜனை எடுத்துவிடும். காற்றில் நைட்ரஜன் ஐந்தில் நான்கு பங்கு இருந்தும் நெல்லால் அதை நேராக எடுக்க முடியாது. பயறின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவால் முடியும். அது பயறுக்கு நைட்ரஜனைக் கொடுக்கும். பயறு அதற்குச் சர்க்கரை கொடுக்கும். காய் பறித்தபின் செடியை மடக்கி உழுதால் அந்த நைட்ரஜனில் ஒரு பங்கு அடுத்த கன்னிப்பூ நெல்லுக்குப் போகும்.

இதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். ஒரு தொட்டியிலோ தோட்டத்து மண்ணிலோ தட்டப்பயறு பத்து விதை ஊன்றுங்கள். யூரியா போடாதீர்கள், நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைக்க மெனக்கெடாது. ஐந்து, ஆறு வாரத்தில் பூ வரும் சமயம் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருப்பவற்றை எண்ணி, நாலைந்தை நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலையில் இருக்கிறது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. வெள்ளையாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. மீதிச் செடிகளை வாரம் ஒன்றாக எடுத்து நிறம் எப்படி மாறுகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.